காவல் நாய்க்கும் காவல் வேண்டும்

உழவர் வீட்டில் நாயும் பூனையும் பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படுபவை அல்ல. பட்டியில் அடைத்த ஆட்டுக்கும், களத்தில் குவித்த நெல்லுக்கும், பம்புசெட்டின் செப்புக் கம்பிக்கும் இரவுக் காவல் நாய்தான். குதிரில் உள்ள தானியத்துக்குக் காவல் பூனை. கோம்பை, சிப்பிப்பாறை, இராஜபாளையம் என்று ஊர்ப் பெயர்களையே தாங்கிய நல்ல நாயினங்கள் தமிழ்நாட்டில் உண்டு. இனப் பெயர் எதுவும் இல்லாத நாட்டு நாயும் காவலில் இவற்றுக்குச் சளைத்தது அல்ல.

ஆனால் மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போடத் தவறாத உழவர்கூட, நாய்க்கு என்று தனியாக எதுவும் செய்வதில்லை. 'அது தானாகப் பிழைத்துக்கொள்ளும்' என்பது பொதுவான எண்ணம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடிய நாய் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மடிந்துபோவதற்கு இந்த எண்ணமே காரணம். இப்படி மடியும் நாய்களில் பலவற்றைக் கொல்வது காட்டு விலங்கோ கள்வனோ அல்ல. வீட்டாரே கை மறந்து வைத்த ஒரு பொருள்தான்.

இதில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நாயின் வாய் எட்டும் இடத்தில்தான் தவழும் குழந்தையின் கையும் எட்டும். நாய்க்கு வரும் சில நோய்கள் வீட்டாரையும் தாக்கும். ஆகவே நாயைப் பாதுகாப்பது என்பது வீட்டைப் பாதுகாப்பதே ஆகும்.

எலி மருந்து

கிராமத்து நாய்க்கும் பூனைக்கும் முதல் எதிரி எலி மருந்து. வயலிலும் வீட்டிலும் இரண்டு வகை மருந்துகள் பயன்படுகின்றன. ஒன்று கறுப்புத் தூளாக வரும் துத்தநாக பாஸ்பைடு. மற்றொன்று கேக் வடிவில் வரும் புரோமாடியோலோன்.

துத்தநாக பாஸ்பைடைப் பொரியுடனோ அரிசியுடனோ எண்ணெய் விட்டுக் கலக்கிறார்கள். சிலர் கருவாடும் சேர்ப்பதுண்டு. எலியை இழுக்கும் கருவாட்டு மணம் நாயையும் பூனையையும் அதைவிட வேகமாக இழுக்கும். இந்த மருந்து இரைப்பையில் உள்ள அமிலத்துடன் சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை உண்டாக்குகிறது. மருந்தைத் தின்ற நாய் சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும், தள்ளாடும், மூச்சுத் திணறும். இந்த நேரத்தில் வீட்டார் பாலும் முட்டையும் ஊற்றுவது வழக்கம். இது தவறு. வயிற்றில் உணவு சேரச் சேர அமிலம் கூடும். நச்சு வாயுவும் கூடும். எதையும் ஊட்டாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். நாய் எடுக்கும் வாந்தியிலிருந்தும் இந்த வாயு வெளிப்படும். மூடிய அறையில் நாயைச் சுற்றிக் கூட்டமாக நிற்கக் கூடாது; காற்றோட்டமான இடத்தில் கிடத்த வேண்டும்.

புரோமாடியோலோன் வேலை செய்யும் விதம் வேறு. இது இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. நான்கைந்து நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும்; ஈறு வெளுக்கும்; மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணும். அதற்குள் எலிக்கேக் வைத்ததே வீட்டாருக்கு மறந்திருக்கும். ஆனால் இதற்கு மாற்று மருந்து உண்டு. வைட்டமின் கே1 என்னும் மருந்தை உரிய காலத்தில் தொடங்கிச் சில வாரங்கள் கொடுத்தால் நாயைப் பிழைக்க வைக்கலாம். எனவே மருத்துவரிடம் போகும்போது எலிக்கேக் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

எலி மருந்து வைக்கும்போது பின்வரும் முறைகளைக் கடைப்பிடிக்கலாம்:

1. மருந்தைத் திறந்த வெளியில் தூவக் கூடாது. எலி வளைக்குள் வைத்து, வளையின் வாயை மண்ணால் மூட வேண்டும். வீட்டிலும் களத்திலும் எலி மட்டுமே நுழையக்கூடிய குழாய்த் துண்டுக்குள்ளோ, ஓட்டையிட்ட பெட்டிக்குள்ளோ வைக்கலாம்.

2. எத்தனை பொட்டலம் வைத்தோம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் மீதியை எண்ணி எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும்.

3. செத்த எலிகளைத் தேடி எடுத்துப் புதைப்பது மிக முக்கியம். மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் நாயும் ஆந்தையும் சாகின்றன. எலியைத் தின்பவை செத்தால் அடுத்த போகத்தில் எலி இரட்டிப்பாகும்.

4. மருந்து வைத்த இரவு நாயைக் கட்டியும், பூனையை அறையில் அடைத்தும் வைக்க வேண்டும்.

மருந்தே இல்லாமல் எலியைக் குறைக்கவும் வழி உண்டு. மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி வயல் எலிக்கு நல்ல பொறி. வயலில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டால் ஆந்தைகள் இரவில் வந்து அமர்ந்து எலி பிடிக்கும். வரப்பைக் குறுக்கி வைத்தால் எலிக்கு வளை தோண்ட இடம் குறையும்.

பூச்சிமருந்தும் ஆமணக்குப் பிண்ணாக்கும்

மருந்து கலக்கிய வாளியில் மிச்சம் நின்ற தண்ணீரை நாய் குடிக்கிறது. மருந்து அடித்த வயலில் ஓடிவிட்டு வந்து காலை நக்குகிறது. தோலின் வழியாகவும் பூச்சிமருந்து உடலுக்குள் செல்லும். வாயில் எச்சில் ஒழுகுதல், கண்ணின் கருமணிப் பாவை ஊசிமுனை போலச் சுருங்குதல், சதை துடித்தல், வலிப்பு ஆகியவை பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து நஞ்சின் அறிகுறிகள். மருந்து மேலே பட்டிருந்தால் கையுறை அணிந்து சோப்புப் போட்டு நாயைக் கழுவ வேண்டும். பிறகு மருந்துப் புட்டியுடன் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

மருந்து கலக்கும் வாளி அந்த வேலைக்கு மட்டுமே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். காலிப் புட்டியை நாய்க்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரமாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணையையும் நாய் விரும்பித் தின்னும் என்பதால் அதிலும் கவனம் தேவை.

பலரும் அறியாத ஓர் ஆபத்து ஆமணக்குப் பிண்ணாக்கு. இது நல்ல உரம். தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டைக் கவர்ந்து பிடிக்கப் பானையில் கரைத்து வைப்பதற்கும் பயன்படுகிறது. ஆனால் ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்னும் கொடிய நஞ்சு பிண்ணாக்கிலும் தங்கிவிடுகிறது. மூட்டையைக் கிழித்துத் தின்ற நாய்க்கு இரத்தக் கழிச்சல் கண்டு உயிர் போகலாம். ஆடு மாடுகளுக்கும் இது ஆகாது. உர மூட்டையைக் கதவுள்ள அறையில் வைப்பதும், பானையை மண்ணில் புதைத்த இடத்தைச் சுற்றி முள் அடைப்பதும் நல்லது.

உண்ணிக்கு வயல் மருந்து வேண்டாம்

நாயின் மேல் உண்ணி கண்டதும் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நாய் உடலை நக்கும் பிராணி. உண்ணி சாகுமுன் நாய் செத்துவிடும். மண்ணெண்ணெய் தடவுவதும் தோலைப் புண்ணாக்கும்.

உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நில்லாமல், காய்ச்சலையும் சோகையையும் உண்டாக்கும் கிருமிகளையும் புகுத்துகிறது. நாயின் மேல் தெரிபவை சிலவே. ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கொட்டகை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு என்று விற்கும் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் பயன்படுத்துவதோடு, நாய் படுக்கும் இடத்து வெடிப்புகளை மண்ணாலோ சிமெண்டாலோ பூசி அடைக்க வேண்டும். காது மடல், கழுத்து, விரல் இடுக்கு ஆகிய இடங்களை வாரம் ஒரு முறை பார்த்து, உண்ணியைச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். விரல் நகத்தால் நசுக்கக் கூடாது.

நாய்க்கு உள்ள உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும். பூனைக்கு அது நஞ்சு. அதேபோல் காய்ச்சலுக்கு மனிதர் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

தீனியில் கவனம்

வெங்காயம் நிறையச் சேர்ந்த குழம்புச் சோறு நாய்க்கும் பூனைக்கும் நல்லதல்ல. வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட்டும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு ஆகாதவை.

கிடா வெட்டும் நாளில் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசுவது வழக்கம். இவற்றில் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் சிறு நாடாப்புழுக்கள் உண்டாகும். அவற்றின் முட்டை நாயின் மலத்தில் வெளிவந்து, புல்லின் வழியே ஆட்டுக்கும், அழுக்குக் கையின் வழியே மனிதருக்கும் சென்று, ஈரலில் மீண்டும் கட்டியாக வளரும். கழிவு ஈரலைப் புதைக்க வேண்டும். கொடுப்பதானால் நன்றாக வேகவைத்துக் கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது அவசியம்.

கிணறு, மின்சாரம், டிராக்டர்

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் இரவில் பூனையைத் துரத்தும் நாய் விழுந்துவிடும். விழுந்த நாயால் படி இல்லாத கிணற்றில் ஏற முடியாது. சுவர் எழுப்ப வசதி இல்லாதவர்கள் முள்வேலியாவது போடலாம். அது கன்றையும் குழந்தையையும் சேர்த்துக் காக்கும்.

காட்டுப் பன்றிக்கு அஞ்சி வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். அதில் முதலில் விழுவது பெரும்பாலும் சொந்த நாயும், அதைத் தேடிப் போகும் மனிதரும்தான். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் அப்படியே. தின்பண்டம் என்று கடித்த நாயின் தாடை சிதறும். மழைக் காலத்தில் பம்புசெட் அறையின் ஈரத் தரையில் நாய் படுக்க விடக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்துவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

வெயில் நேரத்தில் நாய் டிராக்டர் அடியிலும், குளிர் நேரத்தில் பூனை எஞ்சின் சூட்டிலும் படுக்கும். வண்டியைக் கிளப்புமுன் ஒரு முறை குனிந்து பார்ப்பதும், பானட்டைத் தட்டுவதும் ஒரு நிமிட வேலை.

பாம்புக்கடி

நாய் பாம்பைக் கண்டால் விலகாது. முகர்ந்து பார்க்கும், குரைக்கும். ஆகவே பெரும்பாலும் முகத்திலும் முன்காலிலும் கடிபடும். கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் வீங்கி இரத்தம் கசியும். நல்ல பாம்பும் கட்டு விரியனும் கடித்தால் இமை தொங்கும், கால் தளரும், மூச்சு நிற்கும்.

கடித்த இடத்தைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீமையே. நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும். மனிதருக்குப் போடும் அதே நச்சுமுறி மருந்துதான் நாய்க்கும் உதவுகிறது. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து இம்மருந்து தயாராகிறது. நாய் சிறிய உடல் கொண்டது என்பதால் மருந்து குறைவாகப் போதும் என்று எண்ணக் கூடாது. உள்ளே சென்ற நஞ்சின் அளவே மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்.

விறகுக் குவியலுக்கும் வைக்கோல் போருக்கும் பக்கத்தில் நாயைக் கட்டக் கூடாது. கட்டிய நாயால் பாம்பிடமிருந்து தப்பி ஓட முடியாது.

கோடையும் குட்டியும்

நாய்க்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதன் மூலமே சூட்டைத் தணிக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூண்டில் கட்டிப் போட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகக் கூடும். மர நிழலும், கவிழாத அகன்ற மண்சட்டியில் தண்ணீரும் போதுமானவை. மயங்கிய நாயை நிழலுக்கு மாற்றி, உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறிவிட்டு, பிறகு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

குட்டிகளைக் கூட்டமாகக் கொல்வது பார்வோ என்னும் நச்சுயிரி. 1978இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய் ஓரிரு ஆண்டுகளிலேயே உலகம் முழுவதும் பரவிவிட்டது. வாந்தியும் துர்நாற்றம் வீசும் இரத்தக் கழிச்சலும் இதன் அறிகுறிகள். கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். குட்டி இறந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவாமல் அங்கேயே அடுத்த குட்டியைக் கொண்டுவந்து கட்டினால் அதுவும் சாகும். ஆறு முதல் எட்டு வார வயதில் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், நான்கு மாத வயது வரை போட வேண்டும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் இந்தக் கூட்டு ஊசிகள் பலவற்றில் பாதுகாப்பு உண்டு. சேற்றில் இறங்கும் உழவர் வீட்டு நாய்க்கு அது தேவையானது.

வெறிநோய்: மறக்கக் கூடாத ஊசி

மேலே சொன்னவை நாயின் உயிரைப் பற்றியவை. வெறிநோய் வீட்டாரின் உயிரைப் பற்றியது. அறிகுறி தோன்றிய பிறகு நாயோ, மாடோ, மனிதரோ பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் வராமல் தடுப்பது எளிது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றினார். குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டுவிட்டது. இத்தனை காலம் மருந்து இருந்தும் இந்நோயால் உயிர் போவதற்கு அறியாமையும் தாமதமுமே காரணம்.

வெறிநாய் எப்போதும் ஓடி ஓடிக் கடிக்கும் என்பதில்லை. ஊமை வெறி கொண்ட நாய் இருட்டில் ஒதுங்கிப் படுத்திருக்கும். தாடை தொங்கும், எச்சில் வடியும், தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தோன்றும். எலும்பை எடுப்பதாக எண்ணி வாயில் கையை விட்டவர்கள் நோய்க்கு ஆளாகலாம். மாடும் இப்படியே. தீவனம் இறங்காமல் எச்சில் வடித்து, அடித்தொண்டையில் கத்தும் மாட்டின் வாயில் கை விடுமுன், அதை எந்த நாயாவது கடித்ததா என்று யோசிக்க வேண்டும். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது நோய் கண்ட மனிதருக்கு உரிய அறிகுறி. நாய் தண்ணீர் குடிக்கிறது என்பதால் அதற்கு வெறி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, மருத்துவர் குறித்துத் தரும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசி. பூனைக்கும் இதுவே முறை. பொங்கலை ஒட்டி என்று ஒரு நாளை வைத்துக்கொண்டால் மறக்காது.

நாய் கடித்தால், அது வீட்டு நாயே ஆனாலும், குட்டியே ஆனாலும், செய்ய வேண்டியவை:

1. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கிருமியில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.

3. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். அங்கு ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்கள் என நான்கு முறை போடுவார்கள். ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். ஒரு நாளைக்கூடத் தவறவிடக் கூடாது.

4. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், கட்டி வைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். எச்சிலில் கிருமி வரும் நிலையில் இருந்த நாய் அதற்குள் நோய் முற்றிச் செத்துவிடும். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

கடிபட்ட ஆடு மாடுகளுக்கும் காயத்தை இப்படியே கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி தொடங்க வேண்டும்.

ஒரு மாலை வேலை

நாயைக் காக்கப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு நாள் மாலை, வீட்டையும் கொல்லையையும் நாயின் உயரத்துக்குக் குனிந்து சுற்றி வந்தால் போதும். எலிக்கேக் எங்கே கிடக்கிறது, மருந்துப் புட்டி எந்த இறவாணத்தில் செருகியிருக்கிறது, உர மூட்டை கிழிந்திருக்கிறதா, கிணற்றடியில் வேலி இருக்கிறதா என்பவை கண்ணில் படும். கண்ணில் பட்டதை அன்றே எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். மறுநாள் காலை நாயைக் கயிற்றில் பிடித்துக் கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போய் வெறிநோய் ஊசி போட்டுவிட்டு, போட்ட தேதியைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். இரவெல்லாம் விழித்திருந்து வீட்டைக் காக்கும் பிராணிக்கு வீட்டார் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.